நினைவு அட்டைக்கு அக்கா கேட்ட படம்

ஆணி அடிக்க இடம் குறித்தவர் ஃபிலோமினா அக்காதான். பென்சிலால் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு கட்டில் ஓரமாகக் குனிந்து, படுத்திருந்த கணவர் அந்தோணி அண்ணனின் தலையணையில் தன் தலையையும் சாய்த்து, அங்கிருந்து பார்த்தால் புள்ளி கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்த்தார். திருப்தியில்லை. எழுந்து வந்து இரண்டு விரல் கீழே இன்னொரு புள்ளி வைத்துவிட்டு, என்னை அடிக்கச் சொன்னார்.

ஜெலுத்தோங்கின் பழைய அடுக்குமாடிச் சுவர்களுக்கு இரக்கமே கிடையாது. முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது எகிறிப் போய் அண்ணனின் போர்வையில் விழுந்தது. மூன்றாவதுதான் இறங்கியது, இறங்கிய பிறகு அசைக்கக்கூட முடியவில்லை. அதில் என் படத்தை மாட்டினோம். கடல் கழுகு ஒன்று இறக்கையை முழுதாக விரித்து, கால்களை முன்னே நீட்டி, தண்ணீரிலிருந்து மீனைத் தூக்குகிற நொடி. சிதறிய துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

படம் இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. அண்ணன் இல்லை.

அடுத்த மாதம் அவருக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலி. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கையடக்கமாய் ஒரு நினைவு அட்டை கொடுப்பது அவர்கள் வழக்கம். முன்பக்கம் இறந்தவரின் முகம், பின்பக்கம் மாதா படமும் ஒரு ஜெபமும் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். இந்த முறை மாதா வேண்டாமாம்.

"அந்தக் கழுகு படத்த அனுப்பு தம்பி. அதப் பாத்துக்கிட்டேதான் அவரு போனாரு. எல்லாரு வீட்டுலயும் அது இருக்கட்டும் லா."

சரி என்றேன். அக்காவிடம் சரியைத் தவிர வேறு சொல் எனக்கு வந்ததில்லை. போனை வைத்த பிறகு அரை மணி நேரம் கழிவறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் என் பக்கத்தில், பாலிக் பூலாவ் சேற்றில் முழங்கால்வரை புதைந்து செருப்பைப் பறிகொடுத்த கதையைப் படித்துச் சிரித்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. அந்தப் படத்தை எடுத்த விதத்தில் ஒரு குஞ்சு செத்துப்போனது. அது அக்காவுக்குத் தெரியாது. அட்டை அச்சாவதற்குள் தெரிய வேண்டும்.

கூரையில் ஒரு மைனா

நான் கேமரா எடுத்த கதையைக் கேட்பவர்களிடம் டாக்டர் மேல் பழியைப் போடுவேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருஷமாக எனக்கு ஒரே வேலை. நுண்ணோக்கியில் குனிந்து, மின்பலகைகளில் குறை தேடுவது. ஒரு தூசு, ஒரு கீறல், ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் போதும், பலகையை ஒதுக்கிவிட வேண்டும். கழுத்தும் கண்ணும் போன பிறகு டாக்டர், தூரத்தில் இருப்பதையும் கொஞ்சம் பாருங்கள் என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சுமக்க முடியாத எடையில் ஒரு லென்ஸை வாங்கிவிட்டேன்.

முதல் ஒரு வருஷம் நான் எடுத்ததெல்லாம் பறவை போன பிறகு ஆடிக்கொண்டிருந்த கிளைகள். என் மனைவி வசந்தி ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கிளை நன்றாக வந்திருக்கிறது என்பாள்.

டாக்டரைச் சொல்வது பாதிப் பொய். நாங்கள் சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தபோது, படக்காரர் வருவது சாவுக்கு மட்டும்தான். எங்கள் குடும்பம் முழுவதும் சேர்ந்திருக்கும் ஒரே படம் அப்பா இறந்த அன்று எடுத்தது. நடுவில் அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சுற்றி நாங்கள் நிற்கிறோம். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். எனக்கு ஆறு வயது இருக்கும், நான் மட்டும் மேலே பார்க்கிறேன். கூரையில் ஒரு மைனா இருந்தது. படத்தில் அது இல்லை, ஆனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா கிடக்கும்போது மைனாவைப் பார்த்தவன் நான். இப்போது நினைத்தால் அதிலேயே என் லட்சணம் தெரிந்திருக்கிறது.

பதினான்காம் மாடி

ஜெலுத்தோங் கடலோரத்தில், அடுக்குமாடிகளுக்குப் பின்னால், பழைய தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று உண்டு. அதன் மேல்தட்டில் ஒரு ஜோடி கடல் கழுகு கூடு கட்டியிருந்தது. வெள்ளை வயிறு, சாம்பல் இறக்கை. கீழிருந்து பார்த்தால் குச்சி மூட்டை மட்டும் தெரியும். நான் கேமரா முக்காலியைக் கார் நிறுத்துமிடத்தில் விரித்து, வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருந்தேன்.

பசாரிலிருந்து கீரைக்கட்டோடு வந்த ஒரு பெண்மணி நின்று, என்னையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ நின்னு அதோட குண்டியத்தான் பாக்கணும். மேல வா தம்பி, எங்க வீட்டு ஜன்னல்ல மூஞ்சியே தெரியும்."

அப்படித்தான் ஃபிலோமினா அக்கா எனக்கு அறிமுகம். பதினான்காம் மாடியில் பின்னறை ஜன்னலைத் திறந்தார். துணி காயப்போடும் மூங்கில் கழிகளுக்கு நடுவில், எனக்கு நேர் எதிரே கூடு. அதில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரே ஒரு குஞ்சு. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, ஆனால் அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலோரக் கட்டிலில் அந்தோணி அண்ணன். ஜெலுத்தோங் பசாரில் நாற்பது வருஷம் மீன் கடை போட்டவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் இழுத்துக் கரையேற்ற வேண்டும். அவருக்குக் கூடு தெரிவதற்காகவே அக்கா கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். குஞ்சுக்குச் 'சின்னவன்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். காலையில் அக்கா சொல்லும் முதல் செய்தி சின்னவன் எழுந்துவிட்டானா என்பதுதான். தாய்ப்பறவை மீன் கொண்டுவரும் நேரத்தில்தான் அண்ணனும் கஞ்சி குடிப்பார். மற்ற நேரத்தில் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாராம்.

நான் வாரம் இரண்டு முறை போகத் தொடங்கினேன். எடுத்த படங்களைக் கேமராத் திரையில் அண்ணனுக்குக் காட்டுவேன். அவர் பறவையைப் பார்க்கவே மாட்டார். அதன் காலில் இருப்பதைப் பார்ப்பார்.

"தெங்கிரி. குட்டி," என்பார். இன்னொரு நாள், "வாளை. வால் இல்ல." மீன் பிடிபட்டு எவ்வளவு நேரமானது என்பதைக்கூடச் செவுளைப் பார்த்துச் சொல்வார். பறவைப் படத்தில் மீனைப் பார்க்கிற முதல் ஆளை அங்கேதான் கண்டேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எட்டுப் பேர், ஒரு கழுகு

எங்கள் புகைப்படக் குழுவில் என் ஜன்னல் படங்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து எடுத்தது போலிருக்கிறது என்று ஒருவர் எழுதினார். கழுகு என்றால் பாய்கிற கழுகு. கண் கூர்மையாக, இரண்டு இறக்கையும் படத்துக்குள், தண்ணீர் தெறிக்க, வெயில் நம் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். அந்த ஒரு படத்துக்காக விடுமுறை நாளெல்லாம் கடற்கரைச் சுவரில் காத்திருந்தேன். கழுகு எப்போதும் தொலைவில் பாய்ந்தது, இல்லையென்றால் எனக்கு முதுகைக் காட்டியது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. எங்கள் வட்டத்தில் தெரியாதவர் இல்லை, தெரியும் என்று சொல்பவரும் இல்லை. கழுகுக்கு மீனை வீசினால் அது மூழ்கிவிடும். மூழ்காமல் இருக்க, மீன்பெட்டி செய்கிற அந்த வெள்ளை நுரைப்பலகையை உடைத்து, மீனின் வாய் வழியாக வயிற்றுக்குள் திணிக்க வேண்டும். அப்போது மீன் நாம் போட்ட இடத்தில், நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் மிதக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை நான் பசாரில் நாலு கெம்போங் மீன் வாங்கினேன். பின்பக்கம் கிடந்த உடைந்த பெட்டியிலிருந்து ஒரு மூலையைப் பெயர்த்தேன். வீட்டில் மீ நூடுல்ஸ் சாப்பிடுகிற குச்சியால் குத்திக் குத்தித் திணித்தேன். நுரை உதிர்ந்து சவ்வரிசி போல விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கால்சட்டையில் துடைத்தேன்.

கரையில் எட்டுப் பேர் நின்றோம். முதல் மீனை வீசிய சில நிமிஷத்தில் கழுகு வந்தது. எட்டு கேமராவும் ஒன்றாகப் படபடத்தன. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார். மீதி மூன்று மீனையும் வீசினேன். நாலையும் அது தூக்கிக்கொண்டு போனது.

அது எங்கே போகிறது, அந்த மீனை யாருக்குக் கிழித்து ஊட்டப்போகிறது என்பது அங்கே நின்ற எட்டுப் பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துதான் வீசினேன். அந்த நேரம் எனக்குச் சின்னவன் நினைவே வரவில்லை.

வெள்ளை

படத்துக்கு நல்ல பெயர். குழுவில் இரண்டு நாள் அதே பேச்சு. அந்த மயக்கம் தெளிந்து நான் பதினான்காம் மாடிக்குப் போனபோது ஒரு வாரம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்த அக்காவின் முகம் சரியில்லை. சின்னவன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார். அப்போது அவன் பஞ்சு உருண்டை இல்லை. பழுப்புச் சிறகு முளைத்து, இறக்கையை விரித்துப் பழகுகிற வயது. தாய் பக்கத்திலேயே மீனோடு நின்றது. அவன் கழுத்தைத் தூக்குவான், வாயைத் திறப்பான், எதையோ கக்கப் பார்ப்பான், மறுபடி படுத்துக்கொள்வான்.

லென்ஸைப் பொருத்திப் பார்த்தேன். அலகின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. கூட்டின் விளிம்பிலும் இரண்டு மூன்று. வேறொருவராக இருந்தால் எச்சம் என்று விட்டிருக்கலாம். வெள்ளைப் புள்ளி தேடியே சம்பளம் வாங்குபவன் நான்.

"என்னா தெரியுது தம்பி?" என்று அக்கா கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

அடுத்த நாலு நாளும் வேலை முடிந்ததும் அங்கே போனேன். வனவிலங்கு அலுவலகத்துக்கு நான் போன் செய்யவில்லை. செய்தால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். கோபுரத்தில் ஏற யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்திருப்பார்களா என்பது இனிமேல் தெரியப்போவதில்லை. அக்கா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினார். அண்ணன் கஞ்சி குடிக்கவில்லை. நான் ஜன்னலில் நின்று, என் விலையுயர்ந்த லென்ஸில், அது சாவதை நன்றாகப் பார்த்தேன். ஒரு படமும் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் தாய் கொண்டுவந்த மீனைத் தானே தின்றது. பிறகு இரண்டு பறவையும் கூட்டுக்கு வருவதை விட்டன. அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைத் தாங்காமல்தான் அக்கா என்னிடம் கேட்டார். அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, பெரிதாக ஒரு கழுகுப் படம் போட்டுக்கொடு என்றார். என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன. கூட்டில் தாயும் பிள்ளையுமாக, மழையில் பிள்ளைக்கு இறக்கையைக் குடையாகப் பிடித்தபடி என்று எத்தனையோ. நான் பாய்கிற கழுகைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். சின்னவனைப் பார்த்தால் அழுவார்கள் என்று அப்போது காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அது என் நல்ல படம். அதை யாராவது சுவரில் மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு நடந்த பிறகும் ஆசை இருந்தது.

மீனின் கண்

இப்போது அந்த மூன்றாவது ஆணிக்குத் திரும்புகிறேன்.

படத்தை மாட்டி, கோணல் இல்லாமல் சரிசெய்துவிட்டு, அக்கா பால் விடாத தே ஓ கலக்க அடுப்படிக்குப் போனார். நானும் அண்ணனும் மட்டும். அவர் வெகுநேரம் பார்த்தார். பார்வை கழுகின் முகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கீழே இருந்தது.

"மீனு கண்ணப் பாத்தியா," என்றார்.

நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன்.

"தெளிவா இருக்கு. வெறச்சிருக்கு. செத்தது, ஆனா புது மீனு." மூச்சு வாங்கினார். "புது மீனு முங்கும் தம்பி. மெதக்காது."

அடுப்படியில் கரண்டி கிளாஸில் படும் சத்தம் கேட்டது.

"என்னா வச்ச, உள்ள?"

சொன்னேன். வெள்ளைப் பெட்டி என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து படத்தைக் கழற்றப் போனேன். அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நாற்பது வருஷம் மீன் வெட்டிய கை, இன்னும் பிடி இருந்தது.

"இருக்கட்டும். ஒடஞ்ச பொட்டியெல்லாம்... வாய்க்கால்ல தள்ளிவிட்டவன் நானு. நாப்பது வருஷம்." கொஞ்சம் கழித்து, "அவகிட்ட சொல்லாத. தாங்க மாட்டா," என்றார்.

அக்கா தட்டோடு வந்தார். படம் பிடித்திருக்கிறதா என்று கணவரைக் கேட்டார். அண்ணன் அசைகிற பாதி முகத்தால் ஆமாம் என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் அவர் முகத்தைத் திருப்பியிருக்கிறார் என்றார்.

அதன் பிறகு அவர் எட்டு மாதம் இருந்தார். ஞாயிறுதோறும் போனேன். போகாமல் இருக்கத் தைரியம் வரவில்லை. அக்கா எனக்குப் போடும் நாற்காலி படத்துக்கு நேர் கீழே. அண்ணன் என் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அக்கா, அதிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன் என்கிறார், அவ்வளவு பிடித்துவிட்டது என்று சொல்வார். ஒரு மத்தியானம் அப்படியே பார்த்தபடி போய்விட்டார். கண்ணை அக்காதான் மூடிவிட்டார்.

அக்காவுக்கு

நீங்கள் பூசை முடிந்து வரும் வழியில், பிளாட்டுக்குக் கீழே உள்ள கடையில் இந்தப் பத்திரிகையை வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தை முதலில் படிப்பீர்கள். நேரில் வந்து சொல்ல மூன்று முறை மோட்டர் சைக்கிளை எடுத்தேன். மூன்று முறையும் லிஃப்ட் வரை வந்து திரும்பினேன். எழுதத்தான் முடிந்தது. அண்ணன் சொல்லாதே என்றார்; அவர் சொல்லை மீறுகிறேன். அதற்கும் நான்தான் பொறுப்பு.

அந்த அட்டையில் அவருடைய முகத்துக்குப் பின்னால் அந்தப் படம் வேண்டாம் அக்கா. ஜெபத்தோடு சேர்த்து வீட்டுக்கு வீடு அதைக் கொடுக்காதீர்கள். அவர் அதை விரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மாதமும் அவர் அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமரா என் அலமாரியில்தான் இருக்கிறது. விற்றுவிட்டேன், கடலில் எறிந்துவிட்டேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். வாரம் ஒருமுறை எடுத்து லென்ஸைத் துடைத்து வைக்கிறேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

இதைப் படித்துவிட்டு அந்தப் படத்தை நீங்களே கழற்றப் பார்ப்பீர்கள். நாற்காலி போட்டு ஏறாதீர்கள், முழங்கால் தாங்காது. சட்டம் கனம், ஆணியும் ஆழமாக இறங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிறு குறடு எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிறேன். திறப்பீர்களா என்று தெரியவில்லை.